நான்கு லைப்ரரிகளும் ஒரு வெள்ளைக் கீற்றும்

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் ஒரே பச்சையில் நிரப்பிப் பாருங்கள். எல்லைக்கோடு போட வேண்டாம், நிறம் மட்டும் போதும். ஆன்ட்டி-அலியாசிங் இருக்கட்டும். வர வேண்டியது இடைவெளியே இல்லாத ஒரு பச்சை மாநிலம். வருவதோ, மாவட்டத்துக்கு மாவட்டம் நடுவில் மயிரிழையாக வெளிறிய கீற்றுகள் ஓடும் படம். போடச் சொல்லாத கோட்டை லைப்ரரி தானாகவே போட்டுக்கொடுக்கிறது.

திறந்தமூல 2டி வரைகலை லைப்ரரிகளை ஒப்பிட உட்காருபவர்கள் வழக்கமாக வேகப் பட்டியலோடுதான் எழுந்திருப்பார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் ஆர்வம் போய்விட்டது. மழையளவு வரைபடங்கள் தயாரிக்கும் வேலைக்காக கெய்ரோ, ஸ்கியா, பிளெண்ட்2டி, ஏஜிஜி நான்கையும் சில மாதங்களாக மாற்றி மாற்றி ஓட்டிவருகிறேன். மேலே சொன்ன ஒரே சோதனையைத்தான் நான்குக்கும் வைத்தேன். எதையும் தொடாமல் இயல்பு அமைப்பில் ஓட்டினால் நான்கும் தோற்கின்றன. எப்படித் தோற்கின்றன, தோற்றபின் என்ன மருந்து கையில் வைத்திருக்கின்றன என்பதில்தான் வித்தியாசமே.

எது எந்த மொழியில் எழுதப்பட்டது, உரிமம் என்ன என்பதையெல்லாம் அந்தந்த முகப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால், கெய்ரோ லினக்ஸ் உலகின் மூத்த பிள்ளை. ஸ்கியா குரோமுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அடியில் ஓடுவது. பிளெண்ட்2டி புதிய தலைமுறையின் வேகப்புலி. ஏஜிஜி, அதாவது ஆன்ட்டி-கிரெய்ன் ஜியாமெட்ரி, பலர் மறந்துபோன பழைய சி++ பொக்கிஷம்.

கீற்று எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரே ஒரு பிக்சலில் பார்த்துவிடலாம். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இடையிலான எல்லை அந்தப் பிக்சலைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் வெள்ளைத் தாள். முதலில் தஞ்சாவூரை வரைகிறோம். பிக்சலில் பாதி மூடப்படுவதால் பச்சை 50 சதவீதம், வெள்ளை 50 சதவீதம். அடுத்து திருவாரூர். அதற்கும் பாதிதான். ஆனால் லைப்ரரி அந்தப் பாதியை, மீதமிருக்கும் வெள்ளைப் பாதியின் மேல் கொண்டுபோய் வைப்பதில்லை. பிக்சலில் இப்போது என்ன நிறம் இருக்கிறதோ அதன் மொத்தத்தின் மேலும் பாதி பச்சையைப் பூசுகிறது. 50 சதவீத வெள்ளையில் பாதி போய், பாதி தங்கிவிடுகிறது. இரண்டு மாவட்டமும் சேர்ந்து பிக்சலை முழுதாக மூடிய பிறகும் 25 சதவீதம் தாள் வெளியே தெரிகிறது. அதுதான் கீற்று.

எல்லை பிக்சலின் விளிம்போடு சரியாகப் பொருந்திப் போனால் கீற்றே இருக்காது. நட்டநடுவில் போனால் மிக மோசம். அதனால்தான் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு கீற்று மறைந்து வேறொன்று முளைக்கிறது. மூன்று மாவட்டங்கள் ஒரே பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு வீதம் சந்தித்தால் 27-ல் 8 பங்கு, கிட்டத்தட்ட 30 சதவீதம் வெள்ளை எஞ்சும். முச்சந்திகளில் வெளிறிய புள்ளி தெரிவது அதனால்தான்.

“மேலே ஒரு எல்லைக்கோடு போட்டு மறைத்துவிடலாமே” என்று கேட்பீர்கள். மாவட்ட வரைபடத்தில் மறைக்கலாம்; எல்லோரும் அப்படித்தான் மறைக்கிறார்கள். மழையளவுப் பட்டைகளுக்கு எல்லைக்கோடு ஏது? 40 மில்லிமீட்டர் நிறமும் 50 மில்லிமீட்டர் நிறமும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் வெள்ளை ஓடினால் வரைபடம் தரவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. பிடிஎஃப் அனுப்பிய மறுநாளே வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வரும்: “சார், மேப்புல வெள்ளையா கோடு கோடா தெரியுது. ஃபைல் ஏதும் கெட்டுப்போச்சா?” ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவருக்கு விளக்க இரண்டு மூன்று பத்தி மின்னஞ்சல் எழுத வேண்டும்.

இதன் வேர் 1984-ல் இருக்கிறது. லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அந்த ஆண்டு சிக்கிராஃபில் வெளியிட்ட கட்டுரைதான் இன்றுவரை எல்லா லைப்ரரிகளுக்கும் கணக்குப் புத்தகம். ஒரு பிக்சலில் ‘பாதி இடம் மூடியிருக்கிறது’ என்பதையும் ‘முழு இடமும் பாதி ஒளிபுகும்படி மூடியிருக்கிறது’ என்பதையும் அந்தக் கணக்கு ஆல்பா என்ற ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறது. இரண்டு வடிவங்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் குறுக்கே கிடந்தால் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். விளிம்போடு விளிம்பு ஒட்டி நின்றால் பொய்த்துப்போகும். இதில் வேடிக்கை, அதே கட்டுரையில் ‘ஓவர்’ என்ற வழக்கமான பூச்சுக்குப் பக்கத்திலேயே ‘பிளஸ்’ என்ற கூட்டல் முறையும் இருக்கிறது. பாதியும் பாதியும் கூட்டினால் ஒன்று. நோயும் மருந்தும் ஒரே கட்டுரையில் வந்தன. லைப்ரரிகள் நோயை இயல்பு அமைப்பாக வைத்துக்கொண்டு மருந்தைப் பின்கட்டில் வைத்துவிட்டன.

பின்கட்டில் மருந்தைத் தெளிவாகப் பெயர் எழுதி வைத்திருப்பது கெய்ரோ. கெய்ரோ மேல் எனக்குப் பழைய பாசம் உண்டு என்பதை ஒளிக்கப்போவதில்லை. கீத் பேக்கார்டும் கார்ல் வொர்த்தும் தொடங்கியது. போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு ஒரே மாலையில் பழகிவிடும். ஒரே நிரல் திரைக்கும் வரையும், பிடிஎஃப்புக்கும் வரையும், எஸ்விஜிக்கும் வரையும். வளர்ச்சி நத்தை வேகம்தான்: 1.16 வந்தது 2018-ல், அடுத்த நிலைப்பதிப்பான 1.18 வந்தது 2023-ல். நான் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய நிரல் இன்றும் அப்படியே கம்பைல் ஆகும் லைப்ரரிகள் குறைந்துவருகின்றன.

கெய்ரோவின் கலப்பு முறைகளில் ‘சாச்சுரேட்’ என்று ஒன்று உண்டு. ஆவணத்தில் அதற்கு ஒரே வரிதான் விளக்கம்: ஓவர் மாதிரிதான், ஆனால் இரண்டு வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நமக்கு வேண்டியதே அதுதான். தஞ்சாவூர் பிக்சலில் பாதி பிடித்திருந்தால், திருவாரூர் மிச்சமிருக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கீற்றுக்கு இடமே இல்லை. வெறும் கூட்டலைவிடவும் இது புத்திசாலி. தரவில் இரண்டு மாவட்டங்கள் கொஞ்சம் மேலேறிக் கிடந்தால் பிளஸ் அந்த இடத்தில் நிறங்களையும் கூட்டிப் பளீரென்று காட்டிவிடும். சாச்சுரேட்டோ, இடம் இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. அடியில் எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளைத் தாளை முதலிலேயே பூசிவிட்டால் எல்லா பிக்சலும் நிறைந்துவிடும், அதன்பின் மாவட்டம் எதுவும் ஒட்டாது, வெறும் வெள்ளைப் படம்தான் மிஞ்சும். ஆகவே புஷ்-குரூப் சொல்லி வெற்று லேயர் ஒன்றைத் திறந்து, எல்லா மாவட்டங்களையும் சாச்சுரேட்டில் நிரப்பி, பாப்-குரூப் செய்து, முடிந்த படத்தை ஓவரில் தாள்மேல் வைக்க வேண்டும். நாலைந்து வரி வேலை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கீற்று கிடையாது. 8-பிட் கணக்கில் எங்காவது 255-க்கு 254 என்று ஒரு படி குறையலாம், கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்தச் சுகம் படக்கோப்புக்கு மட்டும்தான். பிடிஎஃப்பின் கலப்பு முறைகளில் சாச்சுரேட்டே கிடையாது. எனவே பிடிஎஃப்புக்கு எழுதும்போது கெய்ரோ அந்தப் பகுதியைப் படமாக மாற்றி ஒட்டிவிடுகிறது. இயல்பாக 300 டிபிஐ, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். வெக்டராக வேண்டும் என்று அடம்பிடித்தால் கீற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் பிடிஎஃப்பில் கீற்று உண்டாவது திறந்து பார்க்கும் செயலியில். குரோமின் பிடிஎஃப்பியம் ஆகட்டும், லினக்ஸின் பாப்ளர் ஆகட்டும், அதே 1984 கணக்குதான். அச்சில் பெரும்பாலும் தெரியாது, திரையில் கட்டாயம் தெரியும். இன்று அச்சடித்துப் பார்ப்பவர் யார்?

ஸ்கியாவுக்கு வருவோம். கூகுள் 2005-ல் வாங்கி, 2008-ல் குரோமோடு சேர்த்துத் திறந்துவிட்டது. உலகில் அதிகம் பேர் பார்க்கும் பிக்சல்களை வரைவது எது என்று கேட்டால் ஸ்கியா என்று தயங்காமல் சொல்லலாம். வரைகிற தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் எரிச்சல் வேறு. ஸ்கியா இன்று வெளியாட்களுக்காக வளர்க்கப்படும் லைப்ரரி அல்ல. குரோமின் தேவைக்கேற்ப வளர்வது, நாமும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மூலத்திலிருந்து கட்ட டெப்போ-டூல்ஸ், ஜிஎன், நிஞ்சா என்று ஒரு பரிவாரமே வேண்டும். குரோமின் பதிப்புக் கணக்குப்படி கிளைகள் பிரிந்துகொண்டே போகும். எந்த ஃபங்ஷன் எந்தக் கிளையில் இடம் மாறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பைத்தானுக்கு ஸ்கியா-பைத்தான், டாட்நெட்டுக்கு ஸ்கியாஷார்ப், உலாவிக்கு கேன்வாஸ்கிட் என்று ஏற்கெனவே கட்டிவைத்ததை எடுத்துக்கொள்வதே விவேகம்.

கீற்றுக்கு ஸ்கியாவிலும் வழி இருக்கிறது. சேவ்-லேயர் சொல்லி வெற்று லேயர் திறந்து, பெயின்ட்டின் கலப்பு முறையை பிளஸ் ஆக்கி மாவட்டங்களை நிரப்பி, ரிஸ்டோர் செய்தால் முடிந்தது. சாச்சுரேட் மாதிரி ஒன்று இல்லாததால் தரவு சுத்தமாக இருந்தாக வேண்டும். அடுத்தடுத்த எல்லைகள் ஒரு இழை மேலேறினாலும் அங்கே நிறம் கூடித் தெரியும். உலாவியின் கேன்வாஸில் வேலை செய்பவர்களுக்கும் இதே வசதி ‘லைட்டர்’ என்ற பெயரில் இருக்கிறது. ஒளிரும் விளைவுகளுக்கான விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பலர் ஒதுக்கும் அந்த முறை உண்மையில் போர்ட்டர், டஃப் சொன்ன பிளஸ்தான்.

பிளெண்ட்2டி பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. பெட்ர் கோபாலிசெக் எழுதியது. பூச்சு வேலைக்கான இயந்திரக் கட்டளைகளை ஆஸ்ம்ஜிட் வழியாக ஓடும்போதே தயாரித்துக்கொள்கிறது. வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்தும் கொடுக்கும். மேசைமேல் இருக்கும் சாதாரணக் கணினியில், ஜிபியு எதுவும் இல்லாமல், கெய்ரோவோடு பக்கத்தில் வைத்து ஓட்டினால் கடிகாரம் தேவையில்லை, வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. சர்வரில் ஆயிரக்கணக்கில் படம் தயாரிப்பவருக்கு இது வரம். கீற்றைப் பொறுத்தவரை, அதையும் மற்ற எல்லோரையும்விட வேகமாக வரைந்து தருகிறது. பிளஸ் முறை இதிலும் உண்டு, லேயர் வேலையை மட்டும் நாமே ஒரு தனிப் படத்தை உருவாக்கிச் செய்துகொள்ள வேண்டும். வேகப் பட்டியல்களில் முதலிடம் பிடிக்கும் லைப்ரரியிலும் இயல்பு அமைப்பில் படம் தப்பாகவே வருகிறது என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

எதிர்பாராத சந்தோஷம் தந்தது ஏஜிஜி. மாக்சிம் ஷெமனாரியோவ் என்ற தனி மனிதரின் உழைப்பு. அவர் 2013-ல் காலமாகிவிட்டார். 2.4 பதிப்பு தாராள உரிமத்திலும் 2.5 ஜிபிஎல்லிலும் நிற்கின்றன. டெம்ப்ளேட்டுகளால் நெய்த அந்தச் சி++ நிரலைப் படிக்கப் பொறுமை வேண்டும். ஒரு வட்டம் வரையவே ஆறேழு பாகங்களை நாம்தான் கோக்க வேண்டும். ஆனால் அதற்குள் ‘காம்பவுண்ட் ராஸ்டரைசர்’ என்ற ஒன்று இருக்கிறது. மற்ற லைப்ரரிகளில் நாம் வடிவத்தைக் கொடுக்கிறோம், அது நிரப்புகிறது. இதில் கோட்டைக் கொடுக்கிறோம்: இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் இந்த நிறம், வலப்பக்கம் அந்த நிறம். தஞ்சாவூர், திருவாரூர் எல்லை ஒரே ஒரு முறைதான் உள்ளே போகும். பிக்சலில் இடப்பக்கத்துக்கு 50 என்றால் வலப்பக்கத்துக்கு மிச்சம் 50, சண்டையே இல்லை. ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் தனி இடத்தில் கூட்டி முடித்த பிறகுதான் தாள்மேல் வைக்கிறது.

இந்த யோசனை ஃப்ளாஷிலிருந்து வந்தது. எஸ்டபிள்யூஎஃப் கோப்பில் ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நிரப்பு எண்கள் உண்டு, ஒரு பக்கத்துக்கு ஒன்று. ஏஜிஜியோடு வரும் மாதிரி நிரல்களில் ஒன்றின் பெயரே ஃப்ளாஷ்-ராஸ்டரைசர். ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு மூடப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளுக்காக நாம் திட்டித் தீர்த்த அந்தச் செயலி இந்த ஒரு விஷயத்தில் பின்னால் வந்தவர்களைவிட ஒழுங்காக இருந்தது.

ஏஜிஜியை வயிற்றில் வைத்திருப்பவர்கள்கூட இந்த ராஸ்டரைசரைத் தேடிப் போகவில்லை என்பதுதான் வருத்தம். பைத்தான் உலகின் மேட்பிளாட்லிப் ஏஜிஜியால்தான் வரைகிறது. அதில் நிரப்பிய சமக்கோட்டுப் பட்டைகளுக்கு ஆன்ட்டி-அலியாசிங் இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. கீற்றைவிடப் படிக்கட்டு விளிம்பு மேல் என்ற சமரசம். நிறப் பட்டையில் வெள்ளை இடைவெளி தெரிந்தால் துண்டுகளின் விளிம்புக்கும் அதே நிறத்தில் கோடு போடச் சொல்கிறது அதன் ஆவணம், பழியைப் பார்க்கும் செயலிகள்மேல் போட்டுவிட்டு. வரைபடங்களுக்கான மேப்னிக்கில் காமா என்று ஒரு திருகு உண்டு. 1-லிருந்து 0.5-க்குக் குறைத்தால் பாதி மூடிய பிக்சல் 71 சதவீதம் மூடியதாகக் கணக்கில் வரும், கீற்று 25-லிருந்து 9 சதவீதத்துக்கு அடங்கும். கூடவே வெளிவிளிம்புகளும் தடித்துவிடும். அதே நிறக் கோட்டு வைத்தியத்துக்கும் பக்கவிளைவு உண்டு: பக்கத்து மாவட்டத்தின் இடத்தை அரை பிக்சல் தின்னும், நிறம் ஒளிபுகுவதாக இருந்தால் வெள்ளைக் கீற்று போய்க் கருங்கீற்று வரும்.

முரட்டு வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. ஆன்ட்டி-அலியாசிங்கை அணைத்து நான்கு மடங்கு அகல உயரத்தில் வரைந்து, பிறகு சுருக்குவது. ஒவ்வொரு சிறு பிக்சலும் ஒரே மாவட்டத்துக்குத்தான் சொந்தம் என்பதால் கீற்று பிறக்க வழியில்லை. விலை நினைவகத்தில்: 4000-க்கு 4000 படம் 64 எம்பி; நான்கு மடங்கில் அதுவே 1 ஜிபியைத் தொடும். அப்படியும் விளிம்பில் கிடைப்பது 17 படிகள்தான். அவசரத்துக்கு ஆகும், தினப்படிக்கு ஆகாது.

ஏஜிஜி வழிக்குத் தரவும் ஒத்துழைக்க வேண்டும். சாதாரண வரைபடக் கோப்பில் ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லையைத் தனியாக வைத்திருக்கும், ஒரே எல்லை இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும். அளவைக் குறைக்கிறோம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எளிமையாக்கினால் இரண்டும் பொருந்தாமல் போய், பிக்சல் கணக்கால் வந்த கீற்றோடு நிஜ இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எந்த லைப்ரரியும் காப்பாற்றாது. மைக் போஸ்டாக்கின் டோபோஜேசன் பொது எல்லையை ஒரே வளைவாக ஒரு முறை மட்டும் வைக்கிறது. அதிலிருந்து இடம், வலம் எடுத்து காம்பவுண்ட் ராஸ்டரைசருக்குக் கொடுப்பது சிறிய வேலை. வரைபடத்தில் இவ்வளவு சுத்தமான விளிம்பை நான் வேறெதிலும் பார்க்கவில்லை.

மாவட்டப் பெயர் எழுதுவது பற்றி ஒரு புலம்பலை இங்கேயே இறக்கிவைக்கிறேன். கெய்ரோவின் எளிய எழுத்து வசதியை அதன் ஆவணமே ‘பொம்மை’ என்கிறது. நேர்மைக்கு நன்றி. தூத்துக்குடி என்று அதில் எழுதினால் தகரம் தனியே, ஊகாரக் குறி தனியே நிற்கும். கோயம்புத்தூரின் கொம்பு இடம் மாறாது. ஸ்கியாவின் நேரடி எழுத்து ஃபங்ஷன்களும் எழுத்துகளைக் கோத்துத் தருவதில்லை, பிளெண்ட்2டியை நம்பியும் தமிழை விட முடியாது. கெய்ரோவோடு பாங்கோ, ஸ்கியாவோடு அதன் பாராகிராஃப் மாட்யூல், இல்லையென்றால் நேராக ஹார்ஃப்பஸில் கிளிஃப் வரிசையைத் தயாரித்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எல்லாமே ஒழுங்காக வரைகின்றன. ஆனால் அறிமுகப் பாடங்கள் ஒன்றிலும் இந்த எச்சரிக்கை கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஹலோ’ சரியாக வந்ததும் பாடம் முடிந்துவிடுகிறது.

தீர்ப்புக்கு வருகிறேன். செல்பேசிச் செயலியோ ஜிபியு வேண்டிய வேலையோ என்றால் ஸ்கியா, அதுவும் பிறர் கட்டிவைத்த பொதியாக. சர்வரில் வேகம்தான் குறி என்றால் பிளெண்ட்2டி, பிளஸ் முறையோடு. தரவு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சி++ பயம் இல்லை என்றால் ஏஜிஜியின் காம்பவுண்ட் ராஸ்டரைசரை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது பார்க்க இன்று அதன் ஆசிரியர் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். என் தினசரி வேலைக்கு கெய்ரோவே போதும். சாச்சுரேட் அதில் இருக்கும்வரை வேறிடம் போக எனக்குக் காரணம் இல்லை.

நான்கிலும் ஒரே குறை, அதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ‘இந்த வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை’ என்று நிரலர் சொல்வதற்கு முன்வாசலில் ஒரு கதவு எதிலும் இல்லை. மருந்து எல்லாவற்றிடமும் இருக்கிறது, தெரிந்தவர் பின்கட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் வேகத்தை இன்னும் பத்து சதவீதம் கூட்டுவதற்குப் பதில் அந்தக் கதவைத் திறந்துவைக்கும் லைப்ரரிக்கு, கெய்ரோவின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், மாறிக்கொள்ள நான் தயார்.